கூடமெங்கும் வெண்மணி தொங்கிய காலை

நலம் பெருகுக. மூன்று ஆற்றுமுகங்களையும் அவற்றின் நடுவே கிடக்கும் கழனிகளையும் ஒரு குடைக்கீழ்க் காத்துவரும் முத்துறை நகர் அரசி தண்ணிழற்கோதையாரின் திருவாணையைத் தலைமேல் ஏந்திப் பேரமைச்சன் மருதங்கண்ணன் எழுதும் ஓலை. அரசியாரின் உடன்பிறந்த இளவலும் புன்னைத்துறைக் காவலரும் ஆகிய மாறேறனார் திருக்கையில் இது சேர்க. தங்கள் துறையில் காற்று இணங்கி வீசுக. தங்கள் களஞ்சியங்களில் நெல் ஈரம் படாமல் கிடக்க. தங்கள் மாளிகையில் புதிதாய்ப் பிறந்திருக்கும் பெண்மகவு நோய்நொடியின்றி வளர்க.

வாழ்த்தை முறைப்படி விரித்தெழுத இது நேரமன்று, பொறுத்தருள்க. மேலே படிக்குமுன் ஒன்று செய்தருள வேண்டும். தங்கள் துறையில் பாய் விரிக்கக் காத்திருக்கும் கலம் எதுவாயினும் அதை நிறுத்தச் சொல்லி இப்போதே ஆளனுப்புக. ஆள் போனபின் அமர்ந்து மிச்சத்தைப் படித்தருள்க. இது அரசியாரின் ஆணை.

முத்துறையில் உள்ளது போன்றே புன்னைத்துறையிலும் நிலைமணிக் கூடம் அமைத்து நடத்திவருவதாகவும், தொடங்கிய நாள்முதல் அங்கே ஒரு செம்மணிகூடத் தொங்கியதில்லை என்றும், ஆதலால் கண்காணிகள் அனைவருக்கும் பட்டாடை வழங்க இசைவு வேண்டுமென்றும் தாங்கள் எழுதியிருந்தீர்கள். அவ்வோலை அவையில் படிக்கப்பட்டபோது எல்லோரும் மகிழ்வார்கள் என்று படித்த ஓலைநாயகம் எண்ணியிருப்பார் போலும். குரலை உயர்த்தியே படித்தார். அரசியார் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். வாணிக மன்றத் தலைவர் கீரந்தையார் அருகிலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டார். இங்கே நடந்தது வெளித்துறைகளுக்குத் தெரியவேண்டாம் என்று முன்பு தடுத்தவர் அரசியாரே. ஒன்றும் மறைக்காமல் எழுது என்று இன்று பணித்தவரும் அவரே.

கீரந்தையார் மன்றத் தலைமை ஏற்றபோது அரச வாணிகம் இருந்த நிலையைத் தாங்கள் இளமையில் கண்டிருப்பீர்கள். ஒரு பண்டசாலையில் அரிசி புழுத்துக் கிடக்க, ஆற்றின் மறுகரைப் பண்டசாலை வெறுந்தரையாய்க் கிடக்கும். பாய் தைப்போர் துணிக்குக் காத்திருக்க, துணி நெய்தோர் எடுத்துப்போக ஆளில்லை என்று புலம்புவர். கலம் ஒன்று ஆணி வராத காரணத்தால் பருவக்காற்றையே தவறவிட்டதும் உண்டு. ஒவ்வொரு சாலைக்கும் தன் சுவருக்கு அப்பால் என்ன நடக்கிறதென்று தெரியாது. எல்லாச் சாலைகளின் நிலையும் ஒரே இடத்தில், ஒரே பார்வையில் தெரிந்தால் போதும் என்று கீரந்தையார் சொன்னார். சொன்னபடியே செய்தும் காட்டினார்.

துறைமுக மேட்டில் நீண்ட கூடம் ஒன்று எழுந்தது. அதன் உத்தரத்தில் சாலைக்கு ஒரு கயிறு தொங்கிற்று. நாள்தோறும் காலையில் அச்சாலையின் கண்காணி தாமே வந்து தம் கயிற்றில் மணி கோப்பார். குறையில்லை எனில் வெண்மணி, குறையுண்டு எனில் செம்மணி. செம்மணி விழுந்தால், அந்தக் குறையைத் தீர்க்கவல்ல பண்டசாலைக்கு எவருடைய முத்திரையும் வேண்டாமல் தானாகவே ஆணை போகும். ஒரு கலத்துக்கு வேண்டிய சாலைகள் எல்லாம் வெண்மணி காட்டினால், கூடத்தின் மேல்மாடத்தில் சங்கு ஊதும், துறையில் கொடி ஏறும், கலம் புறப்படும்; அதற்கும் எவரையும் கேட்கவேண்டியதில்லை. ஒருவர் கயிற்றை இன்னொருவர் தொடலாகாது, மன்றத் தலைவரே ஆயினும் தொடலாகாது என்று ஒரு விதியும் இருந்தது. வேண்டியவருக்காக மணியை மாற்றிவைக்கும் சூது நுழையக்கூடாது என்பதற்காகக் கீரந்தையாரே அதை வகுத்தார், காவலரையும் நிறுத்தினார்.

அதன்பின் வந்த நன்மையை மறுப்பதற்கில்லை. அரிசி புழுக்கவில்லை, கலங்கள் காத்துக் கிடக்கவில்லை, பிறநாட்டு வணிகர் கூடத்தைக் காண்பதற்கென்றே வந்தனர். அரசியார் தம் கைவளையைக் கழற்றிக் கீரந்தையாருக்கு அளித்தார். அவரும் ஓய்ந்திருக்கவில்லை, குறைகள் இன்னும் விரைவாய்க் குறையவேண்டும் என்று எண்ணி, செம்மணி கோத்தவர் அவை நடுவே நின்று காரணம் சொல்லவேண்டும் என்று ஒரு வழக்கத்தைப் புகுத்தினார்.

முதலில் அகப்பட்டவர் பாய்ச்சாலைக் கண்காணி நன்னாகனார். பஞ்சு ஈரப்பட்டுவிட்டதென்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அன்று கீரந்தையாருக்கு வேறெதனாலோ மனம் கொதித்திருந்தது. அந்தச் செம்மணியையே ஒரு சரட்டில் கோத்து நன்னாகனார் கழுத்தில் இடச் சொல்லி, கூடத்து நடுவில் பொழுது சாயும்வரை நிற்க வைத்தார். வருவோர் போவோர் எல்லோரும் பார்த்தனர். அரசியாரும் மேல்மாடத்திலிருந்து பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. தலைநரைத்த நன்னாகனார் அன்றே கண்காணித் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்றுமுதல் கூடத்தில் செம்மணிகள் அருகின. பிறகு அற்றேபோயின. கீரந்தையார் அதைத் தம் வெற்றியென்று கொண்டார். சாலைகளுக்குப் போய்வருவதையும் விட்டுவிட்டார். எல்லாம் கூடத்திலேயே தெரியும்போது வெயிலில் எதற்கு நடக்கவேண்டும் என்று எம்மிடமே சொன்னார்.

தென்கடல் தீவுகளில் மழை பொய்த்து மக்கள் கிழங்கு தோண்டித் தின்கிறார்கள் என்று செய்தி வந்தது. நெல்லும் விதையும் ஏற்றிய கலங்களும், தீவுக்குத் திரும்பும் குடும்பங்களும் துறையில் ஆயத்தமாயின. புறப்பாட்டு நாளன்று காலை கூடமெங்கும் வெண்மணி. கீரந்தையார் மனம் குளிர்ந்து, தொடக்கம் முதல் ஒருநாளும் தவறாமல் வெண்மணி காட்டிவந்த கயிற்றுச்சாலைக் கண்காணி சேந்தி என்பவளைத் தாமே நேரில் சென்று பாராட்ட எண்ணினார். பட்டுப்புடவை ஒன்றைத் தட்டில் வைத்துத் தாமே ஏந்திக்கொண்டு நடந்தார்.

சாலையின் வாயிலில் நுழைந்ததும் அவருக்கு முதலில் தோன்றியது, அங்கே சத்தம் இல்லை என்பதே. கயிறு முறுக்கும் சகடம் சுழலவில்லை. ஆட்கள் சுவரோரம் எழுந்து நின்றனர். எவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சேந்தி உள்ளிருந்து வந்தாள். நடுத்தர வயது, நார் அறுத்துக் காய்த்த கைகள். அவரையும் தட்டையும் கண்டதும் அவள் அப்படியே தரையில் அமர்ந்துவிட்டாள்.

அவள் சொன்னவற்றை ஓலைநடைக்கு மாற்றி எழுத எமக்கு மனம் வரவில்லை. அவள் வாய்மொழியாகவே தருகிறோம்.

"ஐயா, என் கழுத்துல போட்டுருங்க. என் புள்ளைங்களக் கூட்டிட்டு வந்து பாக்க வைக்காதீங்க. அது மட்டும் வேணாம்."

கீரந்தையாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. புடவை கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். அவள் நம்பவில்லை. அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, என்ன நடந்ததென்று கேட்டார்.

"நார் ஊறப்போடுற குழியெல்லாம் போன புயல்லயே மண்ணு மூடிப்போச்சுங்க. புது நார் இல்ல. பழைய வடத்த உள்ள வச்சு, மேல மட்டும் புது நாரச் சுத்திக் குடுத்துட்டோம். பாத்தா தெரியாது. இழுத்தா தெரியும்."

நங்கூர வடங்களா என்று அவர் கேட்டார்.

"எல்லாமே நங்கூர வடந்தாங்க."

செம்மணி கோத்திருந்தால் குழி தோண்ட ஆளும் வேறு துறையிலிருந்து நாரும் தானாகவே வந்திருக்குமே, அதற்காகத்தானே கூடம் கட்டினோம் என்று அவர் கேட்டார். சேந்தி தலைநிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நன்னாகன் ஐயா அதத்தானே செஞ்சாரு."

 சேந்தி அத்தோடு நிறுத்தவில்லை; திறந்துவிட்ட வாய் மூடவில்லை.

"நான் மட்டும் இல்லீங்க. பக்கத்துல கேட்டுப் பாருங்க."

பக்கத்தில் கலப்பற்றுச்சாலை, பலகை இடுக்குகளில் நாரும் குங்கிலியமும் அடைத்து நீர் புகாமல் செய்யும் இடம். கீரந்தையார் அங்கே ஓடினார். ஆம், ஓடினார், மேலாடை நழுவ. குங்கிலியத்தில் பாதிக்குமேல் மணல் கலந்திருந்தது. அடுத்தது தண்ணீர்ச்சால்கள் செய்யுமிடம். அங்கே கண்காணி அவரைக் கண்டதும் பின்வாசல் வழியே போய்விட்டார். ஒவ்வொரு வாயிலிலும் அவர் கேள்வியை முடிக்குமுன்னே ஆட்களின் முகம் விடை சொல்லிற்று. கூடத்தில் வரிசையாய்த் தொங்கிய அத்தனை வெண்மணிகளும் அவர் நினைவில் வந்தன. அவற்றுள் எது மெய், எது பொய் என்று உலகில் ஒருவருக்கும் தெரியாது. தமக்குத் தெரியும் என்று நம்பிய ஒரே ஆள் தாமே என்று நடுப்பகல் வெயிலில் நின்று உணர்ந்தார்.

அப்போது மேட்டின்மேல் சங்கு ஊதிற்று.

அந்தச் சங்கை எவரும் ஊதச் சொல்லவில்லை. எல்லாம் வெண்மணி; ஆதலால் சங்கு. துறையில் கொடி ஏறுவதும், முதற்கலமாகிய கடற்கொடி நங்கூரம் எடுப்பதும் அங்கிருந்தே தெரிந்தன. கீரந்தையார் மேடேறிக் கூடத்துக்குள் பாய்ந்து கயிற்றுச்சாலையின் கயிற்றைப் பற்றினார். காவலர் ஒருவர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காவலர் முரடர் அல்லர், கண்கலங்கியே சொன்னார்.

"தலைவரே, நீங்க போட்ட விதிதான் இது. உங்கள விட்டா எங்க தல போகும்."

மேல்மாடத்தில் புறப்பாட்டைக் காண அரசியார் எழுந்தருளியிருந்தார். அவர் காதில் விழும்படி கூவி, கலங்களை நிறுத்தும்படி கேட்டிருக்கலாம். கீரந்தையாருக்கு வாய் திறக்கவில்லை. ஏன் என்று பின்னர் யாம் வினவியபோது, தம் கழுத்தில் அந்த மணி ஏறுவதைத்தான் அக்கணம் கண்டதாகச் சொன்னார். இதை எழுத அவரே இசைந்தார்.

கயிற்றைத் தொட உரியவள் ஒருத்தியே. அவர் மீண்டும் கீழே ஓடினார். சேந்தி அதே இடத்தில் அமர்ந்திருந்தாள். அவளைக் கூடத்துக்கு வரச் சொன்னார். அவள் வரமுடியாது என்றாள். அவர் வற்புறுத்தவில்லை, ஆணையிடவும் இல்லை, ஆணையிட அஞ்சினார். அவளெதிரே தாமும் தரையில் அமர்ந்து, இரண்டாம் கலத்தில் கைக்குழந்தைகள் ஏறியிருக்கின்றன என்று மட்டும் சொன்னார்.

 அவள் கேட்டாள்.

"ராணியம்மா இருக்காங்களா அங்க?"

இருக்கிறார் என்றார்.

"என்னய என்ன செய்வாங்க?"

தெரியவில்லை என்றார். பொய் சொல்லியிருந்தால் அவள் வந்திருக்கமாட்டாள் என்று பின்னர் அவளே எம்மிடம் சொன்னாள்.

"நீங்க பக்கத்துல நிப்பீங்களா?"

நிற்பேன் என்றார்.

இருவரும் மேடேறினர். அவள் கை நடுங்கியதில் முதல் மணி தரையில் விழுந்து உருண்டது. கூடத்தில் இருந்தோர் எவரும் அதை எடுத்துத் தரவில்லை. கீரந்தையார் குனிந்து எடுத்துக் கொடுத்தார். கயிற்றுச்சாலையின் கயிற்றில் செம்மணி ஏறிற்று. உடனே விதிப்படி புறப்பாட்டை நிறுத்தும் எதிர்ச்சங்கு ஊதிற்று, துறைவாயை அடைக்கும் சங்கிலி நீர்மேல் எழுந்தது, கலங்கள் நின்றன.

கடற்கொடி மட்டும் நிற்கவில்லை. அது முன்பே சங்கிலியைக் கடந்திருந்தது.

அரசியார் இறங்கி வந்தார். அது யாருடைய மணி என்று கேட்டார். சேந்தி வாய் திறக்குமுன் கீரந்தையார் அவள் பக்கத்தில் போய் நின்றார். என்ன நடந்ததென்று அவர் சொல்லச் சொல்ல, அரசியாரின் பார்வை அவரை விட்டு உத்தரத்தின்மேல் சென்றது. ஒவ்வொரு கயிறாய்ப் பார்த்துக்கொண்டே போயிற்று. முடிவில் ஒன்றே கேட்டார். வெளியே போன கலத்தின் வடமும் அப்படிப்பட்டதுதானா என்று. ஆமாம் என்றாள் சேந்தி.

புகை எழுப்பியும் கொடி அசைத்தும் கடற்கொடியை அழைத்தோம். எதிர்க்காற்றில் அதனால் திரும்ப இயலவில்லை. பிற்பகலில் காற்று கரைநோக்கி வலுத்தது. மணல்திட்டுக்கு வெளியே, எந்த நல்ல மீகாமனும் செய்வதையே அதன் மீகாமனும் செய்தார். நங்கூரம் இறக்கிக் காற்று தணியக் காத்திருந்தார். நாங்கள் அனைவரும் கரையில் நின்றோம். அரசியார் மணலில் நின்றார், சேந்தி நின்றாள். கலம் சற்று நேரம் நின்றது. பிறகு அதன் முகப்பு மெல்லத் திரும்பிற்று. இங்கிருந்து ஓசை எதுவும் கேட்கவில்லை. கட்டு அறுந்த மாடு நகர்வதுபோல அது திட்டை நோக்கி நகர்ந்தது, அவ்வளவே தெரிந்தது.

பரதவர் கட்டுமரங்களில் சென்று பெரும்பாலோரை உயிருடன் கொணர்ந்தனர். மீகாமனும் துடுப்போர் சிலரும் கரைசேரவில்லை. மீகாமனின் மனைவி கரைக்கு வந்தபோது, அவளைப் பார்க்க அஞ்சிக் கீரந்தையார் படகுகளின் பின்னால் ஒளிந்துகொண்டார் என்பதையும் எழுதச் சொன்னார், எழுதினோம்.

மறுநாள் காலை கண்காணிகள் வழக்கம்போல் கூடத்துக்கு வந்தனர். ஒருவர் செம்மணி கோத்தார். அடுத்தவர் அவரைப் பார்த்தார். அவரும் செம்மணி கோத்தார்.  கடைசிக் கயிறுவரை சிவந்து முடிந்தபோது கூடத்தில் ஒரு வெண்மணியும் இல்லை. பேரரசின் வாணிகம் முழுதும், இத்தனை காலம் யாம் பெருமை பேசிய முழுதும், எந்நிலையில் இருந்ததென்று அன்றுதான் கண்டோம். பகைவர் படை கோட்டைவாயிலில் நின்றபோதும் எமக்கு அத்தகைய அச்சம் வந்ததில்லை.

அரசியார் அக்கயிறுகளின் கீழே நெடுநேரம் நடந்தார். பின் நன்னாகனார் வீட்டுக்குத் தாமே நடந்து போனார். வாயிலில் நின்று மூன்றுமுறை அழைத்தும் கதவு திறக்கவில்லை. அரசியார் சினக்கவில்லை. மறுநாளும் போனார். கதவு திறந்தது, ஆயினும் நன்னாகனார் கூடத்துக்கு வர இன்றுவரை இசையவில்லை.

குழிகள் தோண்டப்பட்டன, நார் வந்தது, கலங்கள் மெய்யாகவே ஆயத்தமாகித் தீவுகளுக்குச் சென்று சேர்ந்தன. இடைப்பட்ட நாட்களில் அங்கே என்ன நேர்ந்ததென்று திரும்பிவந்த மாலுமிகள் தாமாகச் சொல்லவில்லை. யாமும் இன்னும் கேட்கவில்லை. கீரந்தையார் தம்மைப் பதவி நீக்கும்படி வேண்டினார். அரசியார் மறுத்து, கூடத்தை மூடவும் மறுத்தார். கூடம் இன்றும் நடக்கிறது. அவை நடுவே நிற்கும் வழக்கம் ஒழிந்தது. எவ்வாணையாலும் அது மீளாது. மணி வெள்ளையாயினும் சிவப்பாயினும் கீரந்தையார் நாள்தோறும் சாலைகளுக்கு வெயிலில் நடந்து போகிறார். வெண்மணி தொடர்ந்து தொங்கும் கயிற்றைக் கண்டால் அவருக்கு உறக்கம் வருவதில்லை.

ஆதலால், இளவலே, ஆணைகள் இவை. தங்கள் கண்காணிகளுக்குப் பட்டாடை வழங்கற்க. அவர்களைத் தண்டிக்கவும் வேண்டா. இவ்வோலையைத் தொடர்ந்து கீரந்தையாரும் சேந்தியும் ஒரே படகில் அங்கே வருகின்றனர். படகுத்துறையில் தாங்களே சென்று அவளை எதிர்கொள்ளவேண்டும். தங்கள் கண்காணிகள் அதைக் காணவேண்டும். அதன்பின் அவ்விருவருடன் சாலைதோறும் செல்க. குடையும் முரசும் வேண்டா.

ஈற்றில் அரசியார் தம் வாயால் சொன்னதை ஓரெழுத்தும் மாற்றாமல் எழுதுகிறோம்: "தம்பி, எந்தச் சாலையிலாவது உன்னைக் கண்டு ஒருவருக்குக் கை நடுங்கினால், உடனே எதையும் கேட்காதே. முதலில் அவரை உட்காரச் சொல். குடிக்கத் தண்ணீர் கொடு. அவர் குடித்து முடிக்கும்வரை காத்திரு. பிறகு கேள்."

அரசியாரின் சங்குமுத்திரை இதன் கீழே அழுந்தியிருக்கிறது. இருமுறை இட்டோம், முதன்முறை மெழுகில் அவர் கை அசைந்துவிட்டது. ஓலை கொணர்ந்தவருக்கு உணவளித்து, தங்கள் கலங்கள் நின்றன என்ற ஒரு சொல்லை அவர் வாயிலாகவே விரைந்து அனுப்பியருள்க. அச்சொல் வந்து சேரும்வரை முத்துறையில் மேல்மாடத்து விளக்கு அணையாது.

கடல் பொறுத்தருள்க. தங்கள் துறை வாழ்க.